பராமரிப்பு நாள்

பொதட்டூர்பேட்டையில் சத்தம் நிற்பது
மாதத்தில் ஒரு நாள்,
காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை.
மின்வாரியம் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டும்.
எங்கள் தெருவில் மைனா இருப்பது
அன்றுதான் தெரியும்.

தேதியை விசாரித்துவைத்துக்கொண்டுதான்
சென்னையிலிருந்து இரண்டையும் வரவழைத்தேன்.
ஏழு நாள் வைத்துப் பார்க்கலாம்,
பிடிக்காததைத் திருப்பலாம்,
கீறல் மட்டும் விழக்கூடாது.

ஒன்று முதுகு மூடியது. நாற்பத்திரண்டாயிரம்.
ஆட்டுத்தோல் மெத்தை.
மாட்டியதும் காது கிணற்றுக்குள் இறங்கும்;
மிருதங்கத்தின் தொப்பி
என் தாடையில் வந்து உட்காரும்.

மற்றது முதுகு திறந்தது. தொண்ணூற்றாறாயிரம்.
சல்லடைக்குப் பின்னால்
மயிரினும் மெல்லிய தகடு நடுங்குகிறதாம்.
அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு;
அந்தக் கணக்கைக் கழுத்து தனியே எழுதிக்கொள்ளும்.

தறிக்கு ஷட்டிலும் பிக்கரும் விற்கிறவன் நான்,
இரண்டு சரக்கைப் பக்கத்தில் வைக்காமல் விலை பேசமாட்டேன்.
நோட்டில் கட்டம் போட்டேன்:
குரல், அடிச்சத்தம், தூரம், காதுச் சூடு.
தீப்பெட்டி அளவு ஆம்ப்,
முந்தின இரவே சார்ஜ் ஏற்றியது.
ஒரே பதிவு, ஒரே சஹானா.
இரண்டிலும் ஒலியளவு இம்மி பிசகாமல் இருக்க வேண்டும்,
உரக்கப் பாடுவதையே உசத்தி என்று காது நம்பிவிடும்.

முதல் சுற்று, இரண்டாம் சுற்று.
குரல்: நன்று. குரல்: நன்று.
மூன்றாம் சுற்றில் பேனாவை மூடினேன்.

ஹேமாவதி அன்று ஆதார் திருத்தப் போயிருந்தாள்,
கரண்ட் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.
மற்ற நாளெல்லாம் ஏழே காலுக்கு பஸ் ஏறி
எல்லை தாண்டி
நகரித் தபாலாபீசில் முத்திரை குத்துகிறவள்.
செருப்பைக்கூடக் கழற்றாமல்
திறந்த முதுகை எடுத்துத் தலையில் வைத்தாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"எவரோ தக்குதுன்னாரு" என்றாள்.

யார் இருமுகிறார்கள்? எங்கே?
"பல்லவிக்கு அப்புறம். இடது பக்கம். பின்னால ஆள்."
மூடினதில் கேட்கவில்லையா என்றேன்.
மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.
"இதுலயும் இருமுறாரு.
வாயைப் பொத்திக்கிட்டு."

நான் ஆறு தடவை ஓடவிட்டேன்.
பல்லவி முடிந்தது. பல்லவி முடிந்தது.
யாரும் இருமவில்லை.

போன ஆடியில் திருத்தணியில்
கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
ஒரு படம் வரைந்து கொடுத்தார்கள்.
நேராக வந்த கோடு
நாலாயிரம் ஹெர்ட்ஸில் கால் தவறி விழுந்திருந்தது.
பதினொரு வயதிலிருந்து
தறிக் கொட்டகையில் வளர்ந்த காது, சார்,
என்று சிரித்துவிட்டு வந்தேன்.
இவளிடம் காட்டவில்லை.

ஐம்பத்து நாலாயிரம் ரூபாய் வித்தியாசம்
அந்தப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.
எனக்கு அங்கே பர்மிட் இல்லை.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.
தம்புராவில் ஒரு தந்தி இறங்கியிருக்கிறதாம்,
பாடகியின் வளையல் எதிலோ இடிக்கிறதாம்.
நான் அவள் புருவத்தைப் பார்த்தேன்,
கடையில் அளவுகோல் பார்க்கிற மாதிரி.

ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் முன்பே கரண்ட் வந்துவிட்டது.
முதலில் நாதமுனி வீட்டுத் தறி,
அடுத்து எதிர்வரிசை,
பிறகு ஊர்.
திறந்த முதுகு வழியாக
அத்தனை தறியும் சஹானாவுக்குள் புகுந்திருக்கும்.
அவள் கழற்றவில்லை.
"தாளத்துல சேருது," என்றாள் சத்தமாக,
காதில் மாட்டியவர்கள் பேசுகிற சத்தத்தில்,
"கொஞ்சம் முன்னால ஓடுது, அவ்வளவுதான்."

திருப்பி அனுப்பும் சீட்டு இன்னும் எழுதவில்லை.
நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் சேர்த்தேன்: இருமல்.
இரண்டு பத்தியையும் அவளே நிரப்பினாள்,
தெலுங்கில்.
எனக்கு அது பேச வரும்.
படிக்க வராது.