எள்ளில் பாதி

படிவத்தில் ஏழாம் கேள்வி:
இரும்பு வேலை செய்ததுண்டா?
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
க்டீனியா கப்பல்துறையில்
முப்பத்தெட்டு ஆண்டு வெல்டிங் பிடித்தவனை
ஒரு சின்னக் கட்டத்துக்குள்
டிக் அடிக்கச் சொல்கிறார்கள்.

கிங்கா என்ற அந்தப் பெண் சிரிக்கவில்லை.
"முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே."
கோளாறு இடுப்புக்குக் கீழே,
இவள் மேலே தேடுகிறாளே என்று நினைத்தேன்.

இருந்தது.
எள்ளில் பாதி.
எந்தக் கப்பலின் பொறியோ,
எந்தப் பனிக்காலையில் முகமூடியைத் தூக்கினேனோ,
வாடகை தராமல்
வலது இமைக்குப் பின்னால் குடியிருந்திருக்கிறது.
காந்தம் கூப்பிட்டால் எழுந்து போய்விடுமாம்,
வழியில் கிடப்பது என் பார்வை என்று
பார்க்காமல்.

கண் டாக்டர் எடுத்து ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் மாதம் இதே மேசையில்
அக்கா போக்னா கவிழ்ந்து படுத்திருந்தாள்.
நெஞ்சுக்கு நேரே இரண்டு குழி,
முலைகள் இரண்டும் அதற்குள் தொங்க.
"பால் கறக்க வருகிறார்களோ என்று பார்த்தேன்" என்றாள்.
அதற்கு முந்தைய மேமோகிராமில்
பனிமூட்டத்தில் வெள்ளாடு:
எல்லாம் வெள்ளை, எதுவும் தெரியவில்லை.
இங்கே, கைநரம்பில் மருந்து ஏறியதும்
இடது பக்கம் ஒரு ஜன்னலில் மட்டும்
யாரோ விளக்குப் போட்டார்கள்.
ஒன்பது மில்லிமீட்டர் ஜன்னல்.

பிறகு ரத்தம் எடுத்தார்கள்.
பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள்.
அவர் விட்டுப் போனது
ஒரு படகுக் கொட்டகை, மூன்று கடன்,
எழுத்துப்பிழையுள்ள ஒரு மரபணு.
கொட்டகையை விற்றுப் பங்கு பிரித்தோம்.
கடனை அடைத்தோம்.
பிழையை மட்டும் பிரிக்க முடியவில்லை,
ஆளுக்கு ஒன்று, முழுசாக.
அவளுக்கு மார்பில் எழுந்தது
எனக்குப் புராஸ்டேட்டில் எழலாம் என்றார்கள்.
அதனால்தான் நவம்பரில்
நான் மல்லாந்து.

"அசையாதீர்கள், ஸெனோன் ஐயா."
அசைவதற்கு இடமா இருக்கிறது?
எண்ணெய்த் தொட்டிக்குள் படுத்து
பற்றவைத்த நாட்களில்கூட
இதைவிடக் கொஞ்சம் விசாலம்.
சத்தம் தொடங்கியது.
முதலில் கசடு தட்டும் சுத்தியல்.
அப்புறம் கிரைண்டர்.
அப்புறம் எனக்குப் பேர் தெரியாத ஒரு கருவி,
என் உடம்பின் தண்ணீரையெல்லாம்
வரிசையில் நிற்கச் சொல்லித் தட்டிவிட்டு
திரும்பி வரும் முணுமுணுப்பைக் கேட்கிறதாம்.

நான் போட்ட தையல்களை
இப்படித்தான் படமெடுப்பார்கள்.
வெளியே வழவழவென்று இருக்கும்.
உள்ளே ஒரு காற்றுக்குமிழி.
பரிசோதகர் ஒன்றும் பேசமாட்டார்,
மஞ்சள் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார்.
அந்த வட்டத்தைக் கண்டால்
எனக்கு அவர் மேல் கோபம் வரும்,
குமிழி மேல் வந்ததே இல்லை.

கை வழியே மருந்து குளிர்ந்து ஏறியது.
பால்டிக்கில் ஜூன் மாதம் கால் வைத்ததுபோல்.

வெளியே காரில் போக்னா,
தலையில் புதுமுடி அரை அங்குலம்.
"கவிழ்ந்தா, மல்லாந்தா?"
"மல்லாந்து."
"உனக்கு எப்பவுமே சுலபமானதுதான்"
என்று வண்டியை எடுத்தாள்.

எட்டு நாளில் கடிதம்.
ஐந்துக்கு நான்கு.
பள்ளிக்கூடத்தில் மூன்றைத் தாண்டாதவன் நான்.
சத்தமாக வாசித்தேன்.
அவள் சிரித்தாள், பாதியில் நிறுத்தினாள்,
மறுபடி சிரித்தாள்.
நான்கு என்றால் சந்தேகம், தீர்ப்பு அல்ல;
தீர்ப்பை ஊசிதான் சொல்லும்,
வியாழன், காலை ஏழரை, வெறும் வயிறு வேண்டாம்.

தேநீர் கொதிக்கும்வரை
குப்பியைத் திறந்து மேசையில் கவிழ்த்தேன்.
போக்னா குளிர்பதனப் பெட்டியிலிருந்து
அந்த மீன் வடிவக் காந்தத்தைப் பிடுங்கி
மெல்லக் கிட்டே கொண்டுவந்தாள்.
விரல்கடை தூரத்தில்
எள்ளில் பாதி எழுந்து நின்றது.
தாவியது.

"பார்றா" என்றாள்.

ஊசிக் கடிதத்தை அதே மீனுக்கு அடியில்
பெட்டிக் கதவில் மாட்டினாள்,
இரும்பைத் தட்டிவிடாமலே.