நால்வருக்கும் சம தூரம்

கூடார வாடகைத் தொழிலை இழுத்து மூட
நான்கு கையெழுத்து வேண்டும்.
"உங்கள் வீட்டுக்கு நான் ஏன் வர வேண்டும்?"
நால்வரும் கேட்டோம், வாட்சப்பில், வெவ்வேறு நாளில்.

கணக்கு எழுதியவள் நான். அதனால்
கோலாலம்பூர் வரைபடத்தை விரித்து மடித்தேன்.
செந்தூலில் நளாயினி, செராஸில் நான்:
புள்ளிமேல் புள்ளி படிய ஒரு மடிப்பு.
செராஸ்மேல் பூச்சோங், குணாளன் வீடு: இன்னொன்று.
தடம் இரண்டும் வெட்டிக்கொண்டன.
மூன்று பேருக்கு எப்போதும் ஒரு நடு உண்டு,
ஒரே தண்டவாளத்தில் வரிசையாய்க் குடியிருந்தாலொழிய.
அதற்கு யாரும் நல்லவராக இருக்கத் தேவையில்லை.

நான்காமவர்தான் கேள்வி.

கெப்போங் சத்தியசீலனைப் பூச்சோங்மேல் மடித்தேன்.
அந்தத் தடம் நடுவைத் தொடாமல்
வடக்கே ஒதுங்கிப் போயிற்று.
பாகைமானியை வைத்தேன். என் மூலை தொண்ணூற்றொன்று.
எதிர்மூலையில் அவர், அறுபத்தொன்பது.
இருபது பற்றாக்குறை.
இதையே மூன்று ஆண்டு அவரிடம் சொல்லியிருக்கிறேன்,
ரிங்கிட்டில்.

எதிரெதிரே நிற்கும் இருவர் சேர்ந்தால்
நூற்றெண்பது ஆக வேண்டும், ஒரு நேர்கோடு.
மயிரிழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
கூடினால் நான்காமவர் வட்டத்துக்குள்,
குறைந்தால் வெளியே.
பக்கத்தில் நிற்பவரைப் பற்றி விதிக்குக் கவலையில்லை.
எதிரில் இருப்பவரைத்தான் அது விசாரிக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு செய்தி:
"லாரியை விற்றாயிற்று. வீடும் மாறிவிட்டேன்.
இப்போது கோத்தா டாமன்சாரா, தங்கை வீட்டு மேல்மாடி."

மறுபடி மடித்தேன். தடம் நேரே வந்து
பழைய நடுவில் விழுந்தது.
எண்பத்தொன்பது.
எனக்காக அவர் விரியவில்லை.
வாடகை மிச்சம், அவ்வளவுதான்.
நானோ செராஸை விட்டு ஓர் அங்குலம் அசையவில்லை.

கவராயத்தை ஊன்றிச் சுற்றினேன்.
ஒரே வட்டம், நான்கு வாசலையும் உரசிக்கொண்டு போனது.
சண்டைக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து செய்த
முதல் காரியம் அது. மற்ற மூவருக்கும் தெரியாது.

ஊசி குத்திய ஓட்டையைக் குனிந்து பார்த்தேன்.
கூட்டரசு நெடுஞ்சாலை. நடுத்தடம்.
காடி நிறுத்த இடமில்லை.
நாலாயிரம் நாற்காலி வைத்திருந்தவர்களுக்கு
ஒரு நாற்காலி போட இடமில்லை.

படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினேன்.
நளாயினி ஒரு கேள்விக்குறி. குணாளன் பார்த்ததோடு சரி.
சத்தியசீலன்தான் பதில் போட்டார்:
"ஆறு மணி நெரிசலில்
எப்படியும் அங்கேதான் நிற்போம்.
பேனா மட்டும் கொண்டு வாருங்கள்."