வாங்க

களுவாஞ்சிகுடி பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு போட்டோகொப்பி மெஷினும் நானும்.
நாள் முழுக்கப் பிறருடைய அடையாள அட்டைகளைக்
கண்ணாடியில் கவிழ்த்துப் போடுகிறேன்.
இரவு பத்தரைக்கு என் அட்டையைக் கேட்டது கைபேசி.
முன்பக்கம். பின்பக்கம்.
முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள்.
இடது பக்கம் திரும்புங்கள். கண் சிமிட்டுங்கள்.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இவ்வளவு கேட்கவில்லை.

சீட்டு எடுத்த காசு, ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
வங்கியில் கிடந்தால் கிடக்கும்,
தேங்காய் விலைக்கு முன்னால் மெலிந்துகொண்டு.

மூன்று செயலிகளை இறக்கி வைத்திருந்தேன்.
ஒன்று பச்சை, ஒன்று நீலம்,
மூன்றாவதில் ஒரு மாடு முட்ட வருகிறது.

பச்சையில் தமிழ் உண்டு என்றார்கள்.
இருந்தது, பொத்தானுக்குள் அடங்காமல்.
'வாங்கவும்' வெட்டுப்பட்டு
'வாங்க' என்று நின்றது.
வா என்கிறதா, வாங்கு என்கிறதா?
கடை வாசலில் நானும் சொல்கிற சொல்தான்.
அதற்குக் கீழே 'விற்' மட்டும்.
உள்ளே போக ஒரு முழுச் சொல்,
வெளியே வர அரைச் சொல்.

றிஸ்மினா கல்முனையில் கணக்குப் பார்ப்பவள்.
"நிறத்தப் பாக்காத புள்ள,
உரிம இலக்கத்தப் பாரு, தரகுக் கூலியப் பாரு,
உன்ர பேரில சீடிஎஸ் கணக்குத் திறக்குதா எண்டு பாரு."
"மறுகா?"
"மறுகா உன்னப் பாரு."

மாட்டுக்கு இலக்கமே இல்லை. அழித்தேன்.

பச்சை என்னைப் பார்த்துக் கேட்டது:
உங்கள் முதலீடு ஒரு மாதத்தில்
இருபது வீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்?
விற்பேன். காத்திருப்பேன். மேலும் வாங்குவேன்.
யாருக்கும் சொல்லமாட்டேன்
என்றொரு தெரிவு அதில் இல்லை.
யோசித்துக்கொண்டிருந்தபோதே
'அமர்வு முடிவடைந்தது.'

பழகிப் பார்க்கப் பொய்க்காசு பத்து லட்சம் தந்தது.
பெயர் பிடித்த ஒரு தேயிலைக் கம்பனியில் போட்டேன்.
செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்குள்
நாற்பதாயிரம் காணாமல் போயிற்று.
இல்லாத காசு.
ஆனாலும் பகல் சோறு இறங்கவில்லை.
யாரோ ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை
இரண்டு தரம் தலைகீழாக எடுத்தேன்.

போன ஆவணியில்
எழுபத்தொரு பேருக்கு
பொலிஸ் முறைப்பாட்டுக்கு வேண்டிய தாள்களைக்
கொப்பி எடுத்துக் கொடுத்தவள் நான்.
நாளுக்கு இரண்டு வீதம் என்ற ஒரு செயலி
ஒரு வெள்ளிக்கிழமை விடியத் திறக்கவில்லை.
கிருபைராசா மாஸ்டர்
நகை அடகு வைத்த சீட்டையும் நீட்டினார்.
இது எதற்கு என்று நான் கேட்கவில்லை.
பக்கத்துக்குப் பத்து ரூபாய்.
அந்தக் கிழமை எனக்கு நல்ல வியாபாரம்.
அந்தக் காசும் இந்தச் சீட்டுக்குள் இருக்கிறது.

அந்தத் தாளில் ஒரு கட்டம்:
'பணத்தை முதன்முதலில் மீளக் கேட்ட திகதி.'
எழுபத்தொன்றிலும் ஒரே திகதி.
அந்த வெள்ளி.

ஆகவே நான் அந்தக் கட்டத்திலிருந்து தொடங்கினேன்.
பச்சையில் ஓராயிரம், நீலத்தில் ஓராயிரம்.
அடுத்த நாளே இரண்டிடமும் திரும்பக் கேட்டேன்,
கொடுத்த கடனைக் கேட்பவளின் குரலில்.

பச்சை அழகாகப் பேசியது.
நிச்சயமாகப் போகவேண்டுமா என்றது.
நல்ல பங்குகள் காத்திருக்கின்றன என்றது.
கொழும்பு இலக்கம் ஒன்றைத் தந்து
அலுவலக நேரத்தில் அழைக்கச் சொன்னது.
இசை கேட்டது. இசை மட்டும் கேட்டது.

நீலத்தில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை.
அவலட்சணமான செயலி, திறக்கவே ஒரு நிமிடம்.
கேள்வி கேட்கவில்லை, உபசாரமும் செய்யவில்லை.
மூன்றாம் நாள்,
வாக்காளர் இடாப்பின் நாற்பதாம் பக்கத்தில் மெஷின் சிக்கி
நான் தாளை இழுத்துக்கொண்டிருக்கையில்
வங்கியின் குறுஞ்செய்தி வந்தது:
தொள்ளாயிரத்து எழுபது.

முப்பது ரூபாய் குறைவு.
மூன்று பக்கக் கொப்பிக் காசு.
ஒன்றின் குணத்தை அறிந்துகொள்ள
அது எனக்கு அதிகமாகப் படவில்லை.

மறுகா இன்னும் ஓராயிரம் போட்டேன்.
இது
திரும்பக் கேட்பதற்கில்லை, இப்போதைக்கு.