பதினொன்றாம் கட்டம்

ஒலோமோட்ஸ் நகரை மார்ச்சிலும் பனி முழுசாய் விட்டபாடில்லை.
கொட்டகை வரிசையில் பதினேழாம் எண்,
தோளால் ஓர் இடி இடித்தால்தான் திறக்கும் தகரக் கதவு.
உள்ளே பழைய திரைச்சீலையை விரித்து
அதன்மேல் பொட்டலம் பொட்டலமாய்
திபிலிசி வரைக்கும் எங்கள் மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர்.
திரும்பி வருவதற்குத் தனியாய் எதுவும் எடுத்து வைக்கவில்லை.

போஹுஷ் சமையலறைத் தராசோடு வந்திருக்கிறான்.
கிளட்ச் கேபிள் இரண்டு: வரட்டும்.
ஸ்பார்க் பிளக் நாலு: வரட்டும்.
என் இரண்டாவது ஸ்வெட்டர்:
உனக்கு எத்தனை உடம்பு?
என் பல்துலக்கியின் காம்பை ரம்பத்தால் பாதியாய் அறுத்தான்.
பிறகு நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு
ஒன்றரைக் கிலோ இரும்பு வாணலியைத்
தன் பெட்டிக்குள் செருகினான்.

இருபத்திரண்டு வருடம் டிராம் ஓட்டியவன் நான்.
வளைவுகளைத் தண்டவாளம் பார்த்துக்கொண்டது.
அவன் லிஃப்ட் மெக்கானிக்,
போன தூரமெல்லாம் மேலும் கீழும்தான்.
இப்படி இரண்டு பேர்
செர்பியா, பல்கேரியா, துருக்கி என்று
விரல் மடக்குவதைக் கேட்டு
மதுக்கடைக்காரர் ஒரு சுற்று இலவசமாய் ஊற்றினார்,
இரக்கமாகவும் இருக்கலாம்.
கோப்பையின் ஈர அடி வரைபடத்தில் பட்டு
கருங்கடல் நடுவே வட்டமாய் ஒரு தீவு.
அங்கேயும் ஒரு ராத்திரி தங்கலாம் என்றான்.

திருப்புளி முனையை எஞ்சின்மேல் ஊன்றி
பிடியைக் காதோடு வைத்துக்
கண்ணை மூடிக்கொள்கிறான்.
என் ஜாவாவுக்கு என்னைவிட மூன்று வயது குறைவு,
என்னைவிட நன்றாக இருமும்.
என்ன சொல்கிறது?
போகலாம் என்கிறது, ஆனால் மெதுவாய்.

ஒரே கூடாரம்தான், எடை குறையுமாம்.
அவன் குறட்டைக்கென்று நான் வாங்கிய காதடைப்பான்
நிறுக்கப்படாமலே உள்ளே போனது.

காப்பீட்டு அலுவலகத்தில் யித்கா
படிவங்களைத் திருப்பித் தள்ளினாள்.
பதினொன்றாம் கட்டம்:
விபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?
நான் போஹுஷ் பெயரை எழுதியிருந்தேன்,
அவன் என் பெயரை.
இரண்டு பேரும் ஒரே பள்ளத்தில் கிடந்தால்? என்றாள்.
சிரித்தோம், அவளும் சிரித்தாள்.
முதலில் யார் நிறுத்தியது என்று தெரியவில்லை.

வெளியே பெஞ்சில், ஒரு பேனாவுக்கு இரண்டு பேர்.
அவனுக்கு ஆஸ்த்ராவாவில் ஒரு அண்ணன்.
அம்மாவின் வீட்டை விற்றதிலிருந்து,
பதினோரு வருடமாய்ப் பேச்சில்லை.
போனைத் தடவாமல், யோசிக்காமல்
ஒன்பது எண்களையும் மடமடவென்று எழுதினான்.
நான் ஆற்றுப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கட்டம் வெறுமையாய் வீடு வந்தது.

காலையில் கீழ்த்தளத்து ரொட்டிக்கடை.
நாலு ரோல், கசகசா தூவியது ஒன்று, அப்புறம்
ஒரு கையெழுத்து மாதிரி என்று இழுத்தேன்.
விளாஸ்தா முழுசாய்க் கேட்டாள்.
அவர்கள் கூப்பிட்டால் நான் என்ன செய்யணும்?
நான் அதை யோசித்திருக்கவில்லை.
பூனைக்குச் சோறு வைக்கணுமா?
பூனை இல்லை.
செடி?
அதுவும் இல்லை.
சரி, யாராவது உன்னைத் தேடினால் சொல்கிறேன் என்று
மாவுக் கையைத் துடைத்துவிட்டு எழுதினாள்.
பன்னிரண்டு வருடமாய் வாடிக்கை,
அவள் குடும்பப் பெயர் கோஹோவுட்கோவா என்று
அன்றைக்குத்தான் தெரியும்.
காகித மூலையில் மாவுக் கட்டைவிரல்.

கொட்டகையில் படிவத்தைக் காட்டினேன்.
போஹுஷ் படித்தான், ஒன்றும் கேட்கவில்லை.
தராசைத் துடைத்து அலமாரியில் ஏற்றினான்.
என் ஸ்வெட்டரை எடுத்துப் பெட்டியில் திணித்தான்,
மூடி மூடவில்லை.
வாணலியை வெளியே எடுத்து வைத்தான்.

கொஞ்ச நேரம் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு அதைத் திரும்ப உள்ளே வைத்தான்.