திறக்க இரண்டு மணி நேரம்

மைனஸ் முப்பத்தொன்று.
டாஃபினிலிருந்து வின்னிபெக் வரை
டிரக்கின் பின்தட்டில் கிடந்து வந்திருக்கிறது பெட்டி.
முன்னிருக்கை நாய்க்கு. அதற்கு இடுப்புவலி என்றார்
மைரன் சாவ்சுக், தானியக் கிடங்கில் எடை போடுபவர்,
பூட்ஸைக் கழற்றியபடி.

இப்போது திறக்கக் கூடாது.
உறைந்த மரத்தில் வீட்டுச் சூடு சட்டென்று பட்டால்
வார்னிஷ் சிலந்திவலையாய் வெடித்துவிடும்.
எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.
ஆகவே சமையலறை மேசையில் பெட்டி,
இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஒருவர்,
கீழே நாய்.
கொக்கிகளில் பூத்திருந்த வெண்பனி
சொட்டுச் சொட்டாக மேசைவிரிப்பில் இறங்கியது.

எவ்வளவு நேரம்தான் வானிலை பேசுவது?
கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனேன்.
சுவரில் ஆறு பேஸ் கிடார்கள்.
ஃப்ரெட் இல்லாதது ஒன்று,
குடித்துவிட்டு உண்மை பேசுகிறவன் மாதிரி வழுக்கும்.
குட்டைக் கழுத்து ஒன்று, மணிக்கட்டு வீங்கிய வருடம் வாங்கியது.
பதினொரு வருடமாய்த் தந்தி மாற்றாதது ஒன்று;
மாற்றினால் அழுதுவிடுவேன்.
அந்தப் பச்சையை மட்டும்
அதன் பச்சைக்காகவே வாங்கினேன்.
யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
“என்கிட்ட அப்படி ரெண்டு இருக்கு” என்றார்.

அக்கா பொலின் கேட்பாள்:
“ஆறும் ஒரே மாதிரிதானே உறுமுது?
நேத்து மேடையில நீ வாசிச்சதே காதுல விழலையே?”
விழாது.
நான் கையை எடுத்தால் மட்டும்
ஆடுகிறவர்கள் நின்று
விளக்கில் ஏதோ கோளாறென்று மேலே பார்ப்பார்கள்.

மணி நாலரை. கொக்கிகள் வெதுவெதுப்பாகிவிட்டன.
திறந்தார்.
சிகரெட்டும் பழைய வெல்வெட்டும் கலந்த வாடை.
தலைப்பக்கம், பட்டாணி அளவில், கருகிய தழும்பு.

சுட்டவள் நான்.
தொண்ணூற்றேழு மார்ச்சில், ஃபர்னஸ் செத்த வாரம்,
நானூறு டாலருக்குக் கொடுத்தேன்.
வாங்கியவன் முகம்கூட நினைவில்லை;
இவரில்லை, அது மட்டும் நிச்சயம்.

வாயைத் திறக்கவில்லை.
தானமாய் வந்த மாடா இது, பல்லைப் பார்க்காமல் விட?
தூக்கி எடை பார்த்தேன்.
தொடையில் கிடத்திக் கையை விட்டேன்; கழுத்து சாயவில்லை.
அம்பைப் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் நேர் பார்த்தேன்.

“ஒண்ணு சொல்லிடறேன்” என்றார், நாயைப் பார்த்தபடி.
“மெல்லிசு தந்தி, அஞ்சாவது ஃப்ரெட். அங்க நாதம் நிக்காது.
ஈரத் தீக்குச்சி மாதிரி, உரசினதும் போயிடும்.
தலையில பித்தளை கட்டிப் பார்த்தேன். திருகெல்லாம் மாத்திட்டேன்.
அது அப்படித்தான்.”

“அப்படியா?” என்றேன்.
முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு
அந்தக் குறையைக் காட்டியே எழுபது டாலர் குறைத்தேன்.

பணம் கைமாறியதும் எழுந்து போயிருக்கலாம்.
“ஒரு தடவை வாசிக்கலாமா?” என்றார்.
அது என் மடியில், பச்சை அவர் மடியில்.
அவர் ஊர்க் கல்யாணங்களின் போல்கா ஒன்று,
சூப் கிண்டுவதுபோல் மெதுவாக.

இரண்டாம் சுற்றில் அந்த ஸ்வரம் வந்தது.
என் விரல் ஐந்தாம் ஃப்ரெட்டைத் தொடாமல்
பக்கத்துத் தந்தியில் பத்தாவதுக்குத் தாவிப் போய்
அதே ஸ்வரத்தை எடுத்துவந்தது.
அவர் விரலும்.
பச்சையில் அந்த இடத்துக்கு ஒரு குறையும் கிடையாது.
இருந்தும் அவரும் சுற்றுவழியே போனார்.

ஆறு கிடாரிலும் இத்தனை வருடமாய்
இப்படித்தான் தாவிக்கொண்டிருக்கிறேன்.
என் பாணி என்று நினைத்திருந்தேன்.
ஒரு பத்திரிகைக்காரன் அப்படி எழுதியும் இருக்கிறான்.

வாசிப்பு நின்றது.
தழும்பைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார்.
“ஃபர்னஸா, விவாகரத்தா?”
“ஃபர்னஸ்” என்றேன். “உங்களுக்கு?”
மேசைக்கடியில் கையைக் காட்டினார்.
“ஆபரேஷன். வியாழக்கிழமை.”

எழுபது டாலரை மேசையில் வைத்தேன்.
அவர் எண்ணிப் பார்க்கவில்லை.
நாய்தான் தலையை நீட்டி மோந்துவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது,
வலிக்காத பக்கமாக.