மூன்று நாள் விசில் இல்லை

செக்காலை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே
ஏறிய படிகள் பதினெட்டு.
இறங்கும்போது எண்ணவில்லை.
வாயில் பஞ்சு. கீழுதடு
யாருடையதோ போலத் தொங்கியது.

கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தையது.
பதினைந்து நாள் கிராம்பை வைத்து அதை
ஏமாற்றிப் பார்த்தேன்.
ஊசி போட்டபின் வலி இல்லை, சத்தம்தான்:
இறுகிய களிமண்ணிலிருந்து
பந்தல்காலை அசைத்து அசைத்துப் பிடுங்குவதுபோல
தலைக்குள்ளே ஒரு நறநற.
டாக்டர் ரெஹானா, என் மகள் வயசுதான்,
நெற்றி வியர்க்க நிமிர்ந்து
"வேர் ரெண்டும் வளைஞ்சு கெடக்கு சார்" என்றபோது
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பிறகு,
துப்பக்கூடாது. உறிஞ்சக்கூடாது.
சூடாக எதுவும் தொடக்கூடாது.
"என்ன வேலை பாக்குறீங்க?"
பஞ்சைக் கடித்திருந்ததால்
சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்துக் காட்டினேன்.
"மூணு நாளைக்கு இத வீட்ல வச்சிருங்க.
ஊதுனா ரத்தக்கட்டி கழண்டுரும்.
அப்புறம் வர்ற வலிக்கு
இந்த வலி தம்பி."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
சொல் கிடக்கட்டும்.
காரைக்குடி, கண்டனூர், புதுவயல்
தடத்தில் இருபத்திரண்டு வருஷம்
நான் பேசியதெல்லாம் ஊதித்தான்.
ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் போ.
விடாமல் இழுத்தால்
யாரோ ஓடி வருகிறார்கள்.

லீவு கேட்டேன். டிப்போவில் ஆள் இல்லை.
மறுநாள் வீங்கிய கன்னத்தோடு,
தூக்குச்சட்டியில் ஆறிய கஞ்சியோடு ஏறினேன்.
டிரைவர் அடைக்கலத்திடம் ஏற்பாடு:
தகரத்தில் ஒரு தட்டு, இரண்டு தட்டு.
கல்லுக்கட்டி இரைச்சலில் தட்டு கேட்கவில்லை.
ஒரு நிறுத்தம் தாண்டித்தான் நின்றது வண்டி.
இறங்கியவர் வாய்க்கு வந்தபடி பேசினார்.
நான் கன்னத்தைக் காட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அடைக்கலம்
உள்கண்ணாடியைத் திருப்பி வைத்தான்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
தலைகளுக்கு நடுவே என் முகத்தைத் தேடினான்.
நான் தலையசைத்தால் வண்டி நகரும்.
தினமும் டீக்கடையில் பார்க்கிறவன்தான்,
ஆனாலும் கண்டனூர் வளைவில் கத்தினான்:
"ஏய்யா, ஒனக்கு எப்ப இம்புட்டு நரைச்சுச்சு?"
பெண்கள் பக்கம் சிரிப்பு.
சிரிக்கவும் வலித்தது.

புதுவயல் அரிசி ஆலைகளிலிருந்து
அவித்த நெல்லின் ஆவி.
வாயெல்லாம் நீர். விழுங்கினேன்.
உப்பும் இரும்பும்.
நாக்கு சும்மா இருக்குமா?
ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நடுவே
போய் அந்தக் குழியைத் தொட்டு வந்தது,
வீட்டைப் பூட்டினோமா என்று
பாதி வழியில் திரும்புகிறவன் மாதிரி.

பல்லைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன்.
பழைய டிக்கெட்டில் மடித்துத்
தோல்பையில் சில்லறையோடு கிடந்தது.
எதற்கு என்றாள் பஞ்சவர்ணம்.
எனக்கும் தெரியவில்லை.
இரண்டாம் நாள் இரவு கணக்கைக் கொட்டியபோது
பணம் சரி. பல் இல்லை.
மேசைக்கடியில் குனிந்து தேடினேன்.
"எவ்வளவு கொறையுது?" என்றார் கணக்கர்.
"ஒண்ணு" என்றேன்.

யாருக்கோ மிச்சச் சில்லறையோடு போயிருக்கும்.
சாக்கோட்டைக்குக் கூடையோடு ஏறிய கருவாட்டுக்காரிக்கோ,
நாலு டிக்கெட்டுக்கு ஐந்நூறு நீட்டி
என்னை முறைத்த அந்தப் பட்டுவேட்டிக்கோ.
யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.
சில்லறை குறைந்தால் மட்டும்
சண்டைக்கு வரும் ஊர்.

நான்காம் நாள் காலை ஊதினேன், மெல்ல.
ஓரத்தில் கொஞ்சம் காற்று ஒழுகியது.
பழைய சத்தம் இல்லை.
கொஞ்சம் ஈரமாக,
புது விசில் வாங்கிய பிள்ளை ஊதியதுபோல.
வண்டி கிளம்பிவிட்டது.

கண்ணாடி இன்னும் என் பக்கமே இருக்கிறது.
மறந்துவிட்டானோ என்னவோ.
நானும் சொல்லவில்லை.