நாற்பத்தோராம் நாள்

க்ரோனிங்கன். ஜனவரி.
கால்வாய் உறைந்து, சைக்கிள் பூட்டுகள் உறைந்து,
குளிர்ப்பெட்டியில் வந்து சேர்கிறது
சீட்சே வெஸ்ட்ராவின் உடம்பிலிருந்து
உருவி எடுத்த சிறுநீர்க் குழாய்.
ஒரு முழம் இருக்கும்.
நீளவாக்கில் பிளக்கிறேன்.

பல் துலக்காத விடியலில்
நாக்கு தடவிப் பார்க்குமே ஒரு வழுவழுப்பு,
அதேதான்.
ஆனால் இது
காய்ச்சலைக் கையோடு கூட்டி வந்தது.

நாங்கள் பூசியிருந்த பாலிமர்
நேர்மின் ஏறிய நுண்முட்களின் காடு.
வந்து தொட்ட கிருமியெல்லாம் தோல் கிழிந்து செத்தது.
முதல் வார வரைபடம் பார்த்து
ஆல்த்யே மேசைமேல் ஏறி ஆடினாள்,
ஒரு குடுவை உடைந்தது.
நாற்பது நாள் அப்படியே போயிற்று.

நுண்ணோக்கியில்
சிவப்பு என்றால் பிணம், பச்சை என்றால் உயிர்.
கீழே சிவப்பு. அடுக்கடுக்காய்ச் சிவப்பு.
முள் ஒன்றுகூடத் தெரியாத அளவு சிவப்பு.
அதன்மேல்
பாய் விரித்துப் படுத்திருக்கிறது பச்சை.

கொன்றோம்.
கொன்றதை அள்ளிப்போட
ஆள் வைக்கவில்லை.

தொலைபேசியில் சொன்னேன் சீட்சேயிடம்.
முதுகெலும்பு முறியும் வரை
கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கியவர்.
இருமினார். பிறகு சிரித்தார்.
"செத்தவன் முதுகுல ஏறி நின்னு
உள்ள வந்திருக்கான்னு சொல்லு."
அடுத்த குழாய் எப்போது என்று மட்டும் கேட்டார்.

இன்னொரு பூச்சு உண்டு,
ஓராண்டாய் அலமாரியின் கடைசித் தட்டில்.
யாரையும் கொல்லாது.
தண்ணீர் குடித்துப் புல்போல் நிமிர்ந்து
சும்மா அசைந்துகொண்டிருக்கும்.
வந்தது கால் ஊன்றுமுன்
வழுக்கி, வந்த நீரோடு போய்விடும்.
தொட்டால் கோழை மாதிரி இருக்கும்.
ஆல்த்யேயும் அதைக் கோழை என்றுதான் ஏசுவாள்,
வேறு பொருளில்.

ஒன்பது முறை நனைத்தோம்.
ஒன்பது முறை உலர்த்தினோம்.
கொல்லுவதைவிடச் சிரமம்
இடம் கொடுக்காமல் இருப்பது.
ஓரிடத்தில், ஊசிமுனை அளவு, பூச்சு விட்டுப்போனாலும் போதும்,
மடத்தையே பிடுங்கிவிடும்.

பிப்ரவரி இருபத்துநாலில் பொருத்தினார்கள்.

இன்று ஏப்ரல் ஐந்து.
பாலத்தடியில் படகுகள் ஓடத் தொடங்கிவிட்டன,
அவற்றின் அடிவயிற்றில் போன வருடத்துப் பாசி.
சீட்சேவுக்குக் காய்ச்சல் இல்லை என்று
செவிலி எழுதியிருக்கிறாள், ஒரே வரி.

ஆல்த்யே அதை இரண்டு தடவை படித்தாள்.
மேசைமேல் ஏறவில்லை.